ஒழுகலுக்கும் ஒரு நேரம் உண்டு

பழைய புல்லட்டின் கார்புரேட்டர் ஒழுகினால் எல்லாரும் செய்வது ஒன்றுதான். குனிந்து, எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்ப்பார்கள். அடிக்கிண்ணத்தின் திருகில் சொட்டு தொங்கினால் திருகை இன்னும் கொஞ்சம் முறுக்குவார்கள். கிண்ணத்தின் விளிம்பு ஈரமாக இருந்தால் பேக்கிங்கை மாற்றுவார்கள். இரண்டு நாள் கழித்து வண்டிக்கடியில் மறுபடி அதே ஈரம், அதே வாடை.

இந்த வழக்கில் பெட்ரோல் ஒரு பொய்ச்சாட்சி. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். பெட்ரோலுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஏறக்குறைய 22தான். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த உலோகத்தில் தண்ணீர் முத்தாகத் திரண்டு நிற்கும். பெட்ரோல் நிற்காது; படலமாகப் பரவி, இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, வழி கிடைத்த பக்கம் போகும். மேலே டியூப் மாட்டும் மூக்கில் கசிந்தது கார்புரேட்டரின் உடம்பு முழுக்க வழிந்து, ஆகத் தாழ்ந்த முனையில் வந்து சேர்ந்து, அங்கேதான் சொட்டாக உருவெடுக்கும். சொட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது புவியீர்ப்பு. ஓட்டை வேறெங்கோ இருக்கும்.

அதனால் 'எங்கே' என்ற கேள்வியைச் சற்று ஒத்திவைத்து, 'எப்போது' என்று கேட்டுப் பார்க்கலாம். ராத்திரி நிறுத்திவைத்தால் மட்டும் ஒழுகுகிறதா? டேங்க் நிரப்பிய அன்றைக்கு மட்டுமா? சைடு ஸ்டாண்டில் சாய்த்தாலா? ஓடும்போதா, நின்ற பத்து நிமிடத்திலா? இந்த ஒவ்வொரு சூழலிலும் ஏதாவது ஓர் அளவு மாறுகிறது: அழுத்தம், சாய்வு, அதிர்வு, வெப்பம். எது மாறியபோது ஒழுகியது என்று தெரிந்துவிட்டால், கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே பாதிக் குற்றவாளிகளை விடுவித்துவிடலாம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கே புல்லட்டைக் கட்டத் தொடங்கியது 1955இல். திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த வண்டி அது. இங்கிலாந்தில் என்ஃபீல்டு உற்பத்தி 1970இல் நின்றுபோன பிறகும் இங்கே தொடர்ந்தது. பழைய வண்டிகளில் ஆங்கிலேய வடிவமான அமால் கார்புரேட்டர். பின்னால் வந்த 350களில் மிகுனி வடிவத்தை ஒட்டிய மிக்கார்ப் விஎம் 24. அந்த 24 என்பது காற்று போகும் வாயின் அளவு, மில்லிமீட்டரில். தோற்றம் வேறானாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் 1893இல் கொடுத்த வடிவம் அது: பெட்ரோலை ஒரு சிறு கிண்ணத்தில் மாறாத மட்டத்தில் நிறுத்திவைத்து, இன்ஜின் இழுக்கும் காற்று அதை ஜெட் எனும் ஒரு நுண்துளை வழியாக உறிஞ்சிக்கொள்ளச் செய்வது.

மட்டத்தைக் காப்பது மிதவை. பட்டறையில் ப்ளோட் என்றால்தான் புரியும். மொட்டை மாடித் தொட்டியில் பந்து வால்வு செய்யும் வேலையேதான் இங்கேயும் நடக்கிறது: கிண்ணம் நிரம்ப நிரம்ப ப்ளோட் உயரும், அதன் கை ஒரு சிறு ஊசியை மேலே தள்ளும், ஊசி முனை பித்தளை சீட்டில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கும். தொட்டிக்கு இருப்பதுபோலவே ஓவர்ஃப்ளோ குழாயும் உண்டு. விஎம் வகைக் கிண்ணத்தின் நடுவே நட்டுக்குத்தாக நிற்கும் மெல்லிய பித்தளைக் குழாய் அது. மட்டம் அதன் வாயைத் தாண்டினால் உபரி பெட்ரோல் அதற்குள் விழுந்து அடியில் வெளியேறும்.

இந்த ஊசி எவ்வளவு பலத்தோடு அடைக்கிறது என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். டேங்க் நிரம்பியிருக்கும்போது பெட்ரோலின் மேல்மட்டம் ஊசியிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு 740 கிராம். அழுத்தம் 2,500 பாஸ்கல் வரும்; வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கு. சீட்டின் துளை 2 மில்லிமீட்டர் விட்டம் என்றால், ஊசியைக் கீழே தள்ளும் விசை ஒரு கிராம் எடைக்கும் குறைவு. அதை எதிர்த்துப் பிடித்து நிறுத்தும் விசையும் அந்த அளவில்தான். பத்துப் பன்னிரண்டு லிட்டர் பெட்ரோலை ராத்திரி முழுக்கத் தடுத்து நிற்பது இவ்வளவுதான். டேங்கிலிருந்து உதிர்ந்து வந்த ஒரு துரு மணல், தலைமுடியின் தடிமன் இருந்தாலே போதும், ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவே சிக்கி வழியைத் திறந்துவைத்துவிடும். அதை நசுக்கும் பலம் அங்கே கிடையாது.

டேங்க் ரிசர்வுக்கு வந்துவிட்டால் அதே உயரம் 20 சென்டிமீட்டராகக் குறைகிறது. அழுத்தமும் ஏறக்குறைய பாதியாகிறது. 'ஃபுல் டேங்க் போட்டால்தான் சார் ஒழுகுது' என்று சொல்கிறவர் கற்பனை செய்யவில்லை. ஊசி முழுக்கக் கெட்டுப்போகவில்லை, கெடத் தொடங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

இன்னொரு புகார்: 'ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை, நிறுத்தினால்தான் ஒழுகுது.' இதுதான் மிக அதிகமாகக் கேட்கும் புகார். மிக எளிதாக விளங்குவதும் இதுவே. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால், நொடிக்கு 0.4 மில்லி பெட்ரோல் குடிக்கிறது. பெட்ரோல் சொட்டு சிறியது. பரப்பு இழுவிசை குறைவென்பதால் தண்ணீர்ச் சொட்டில் பாதி அளவுகூட வராது. ஒரு குழாய் முனையிலிருந்து விழும் சொட்டை 0.025 மில்லி என்று கொள்ளலாம். நொடிக்கு ஒரு சொட்டு என்ற வேகத்தில் ஊசி கசிந்தாலும், ஓடும் இன்ஜின் குடிப்பதில் அது பதினாறில் ஒரு பங்குதான். கிண்ணத்தில் உபரி சேர வழியே இல்லை. இன்ஜின் நின்றதும் குடிப்பது நிற்கிறது, கசிவு நிற்பதில்லை. மணிக்கு 90 மில்லி. டேங்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் காக்கை மூட மறந்து பத்து மணி நேரம் தூங்கினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தரையில்.

ஆக, நிறுத்தியபின் ஒழுகுகிறது, காக்கை மூடினால் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது என்றால் பார்க்க வேண்டியது ஊசியையும் அதைச் சார்ந்ததையும். காக்கை மூடியும் நிற்காமல், கிண்ணம் காலியாகும்வரை ஒழுகுகிறது என்றால் கதை வேறு, கிண்ணத்திலேயே ஓட்டை.

கிண்ணத்தில் ஓட்டையா என்று மெக்கானிக்குகள்கூட அவ்வளவாகச் சந்தேகப்படுவதில்லை. ஊசியை மாற்றுவார்கள், சீட்டை மாற்றுவார்கள், ப்ளோட்டின் நாக்கை வளைத்து மட்டத்தைத் தாழ்த்துவார்கள். ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து சொட்டுவது மட்டும் நிற்காது. நடுவே நிற்கும் அந்தப் பித்தளைக் குழாயில் நீளவாக்கில் ஒரு விரிசல் இருக்கும். கண்ணால் பார்த்தால் கீறல் மாதிரிக்கூடத் தெரியாது. பெட்ரோல் மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே ஒழுங்காகத்தான் நிற்கிறது. ஆனால் வாய்வரை ஏற வேண்டிய அவசியமில்லாமல் பக்கவாட்டு விரிசலில் நுழைந்து வெளியேறுகிறது. சோதிப்பது எளிது. கிண்ணத்தைக் கழற்றி, துடைத்து, வடிகால் திருகை மட்டும் மாட்டி, குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும்படி பெட்ரோல் ஊற்றி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்தால் போதும். தாளில் புள்ளி விழுந்தால், இத்தனை நாள் மாற்றிய ஊசிகளெல்லாம் நிரபராதிகள்.

பித்தளைக்கு இப்படி வெடிக்கும் பழக்கம் உண்டு. ஆங்கிலேயர் காலத்து ராணுவம் இந்தியாவில்தான் இதை முதலில் பெரிய அளவில் கண்டது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டா உறைகள் சுடாமலேயே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, ஈரம், உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இழுவிசை, மூன்றும் கூடினால் பித்தளை பிளக்கும் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். நம் கிண்ணத்தில் குதிரை இல்லை. ஆனால் துளையில் இறுக்கிச் சொருகிய குழாயின் உள்விசை இருக்கிறது, முப்பது நாற்பது வருட அதிர்வும் இருக்கிறது.

இனி மட்டம். இந்தச் சோதனையைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றில் பாதியைத் தெரிந்துகொள்ளாமலேகூட இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி, அதற்குப் பொருந்தும் மூக்கு ஒன்றை மாட்டி, ஒளி ஊடுருவும் ஒரு டியூபைச் செருகி, மேல்நோக்கி வளைத்துக் கார்புரேட்டரின் பக்கத்தில் பிடிக்க வேண்டும். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்கட்டும். காக்கைத் திறந்தால், கிண்ணத்துக்குள் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் டியூபிலும் நிற்கும். பள்ளிக்கூடத்தில் படித்த இணைந்த பாத்திரங்களின் விதிதான். மூடிய உலோகக் கிண்ணத்துக்கு ஒரு ஜன்னல் வைத்தாயிற்று.

டியூப் மிகவும் ஒல்லியாக இருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டர் உள்விட்டம் என்றால் நுண்புழை ஏற்றமே பெட்ரோலை 4 மில்லிமீட்டர் தூக்கிக் காட்டிவிடும். ப்ளோட் மட்டத்தில் 1 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கே விளைவு உண்டு எனும்போது அது பெரிய பொய். 6 மில்லிமீட்டர் டியூபில் பிழை 2ஆகக் குறையும். இன்னும் அகலமானது கிடைத்தால் நல்லது.

மட்டம் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மட்டம் ஏறி, ஓரிடத்தில் அசையாமல் நின்று, ஆனால் அந்த இடம் உயரமாக இருந்தால் ஊசி நன்றாகவே அடைக்கிறது. தாமதமாக அடைக்கிறது, அவ்வளவுதான். ப்ளோட்டின் நாக்கு வளைந்திருக்கும், அல்லது ப்ளோட் கனத்திருக்கும். மட்டம் சரியான இடம்வரை வேகமாக வந்து, பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஊர்ந்து ஏறிக்கொண்டே போனால், ப்ளோட் தன் வேலையைச் செய்துவிட்டது. ஊசிதான் முழுக்க அடைக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஒழுகல். நாக்கை வளைத்தால் தீரும் நோயும் வளைத்தால் தீராத நோயும் டியூபில் மட்டுமே பிரிந்து தெரிகின்றன. ஊர்ந்து ஏறும் கேஸில் நாக்கை வளைத்து மட்டத்தைத் தாழ்த்துகிறவர், ஒழுகலை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுகிறார். கூடவே வண்டிக்குப் பெட்ரோல் போதாமல் செய்து, மேட்டில் இழுக்கவில்லை என்ற புதுப் புகாரையும் வாங்கிக்கொள்கிறார்.

ப்ளோட் கனப்பது எப்படி? பழைய அமாலில் பித்தளைத் தகட்டில் செய்த உள்ளீடற்ற ப்ளோட். பற்றவைத்த விளிம்பில் ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் உள்ளே போகும். காதருகே வைத்து ஆட்டினால் சலசலக்கும். சலசலப்பு கேட்காவிட்டால், வெந்நீரில் அமுக்கிப் பார்க்கலாம். உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து, துளை இருக்குமிடத்தில் குமிழி விடும். அந்த இடத்தில் ஈயம் வைத்து அடைக்கும்போது தாராளமாக வைத்துவிடக் கூடாது. வைத்த ஈயமும் எடைதான். ஆர்க்கிமிடீஸ் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார், மட்டம் உயரும்.

ஊசியைக் கழற்றிக் கையில் எடுத்தால் அதன் கூம்பு முனையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது நல்லது. புது ஊசியின் முனை ஒரே சீரான மங்கலான கறுப்பு. பழையதில், சீட் தொடும் இடத்தில் ஒரு வளையம் தெரியும். நகத்தால் வருடினால் படி மாதிரி தடுக்கும். வளையம் முழு வட்டமாகப் பளபளப்பாக இருந்தால் தேய்மானம். ஓரிடத்தில் மட்டும் அகலமாக இருந்தால் ஊசி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ப்ளோட்டின் அச்சுக்கம்பியைப் பார்க்க வேண்டும். இந்தக் கறுப்பு முனை பெரும்பாலும் வைட்டான் வகை ரப்பர். டூபாண்ட் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பித்தளையோ எஃகோ பித்தளையின் மேல் உட்கார்ந்தது. உலோகத்தின் மேல் உலோகம் ஒரு தூசியையும் மன்னிக்காது. ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டு தட்டுவது ஊருக்கு ஊர் இருக்கும் வைத்தியம். கேலிக்குரியதல்ல. ப்ளோட் குலுங்கி ஊசி ஒரு கணம் விலகும், பாயும் பெட்ரோல் துருவை அடித்துக்கொண்டு போகும். தட்டினால் நிற்கிறது, இரண்டு நாளில் திரும்ப வருகிறது என்றால், கார்புரேட்டரை விட்டுவிட்டு டேங்கைக் கவனிக்கச் சொல்கிறது அது.

சாய்வும் அதிர்வும் வெப்பமும் சுருக்கமாகச் சொல்லி முடிக்கக் கூடியவை. சைடு ஸ்டாண்டில் வண்டி 10 டிகிரி சாய்ந்தால், நடுவிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் புள்ளியில் பெட்ரோல் மட்டம் மூன்றரை மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். மட்டம் ஏற்கெனவே விளிம்பை ஒட்டியிருந்தால் அதுவே போதும். ஓடும்போது மட்டும் நனைந்தால் பெரும்பாலும் டியூப், அதன் கிளிப், அல்லது கிண்ணத்தின் பேக்கிங். பேக்கிங் மேல் பழிபோடும் முன் ஒன்றை நினைவில் வைக்கலாம்: விஎம் வகையில் சரியான மட்டம் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழேதான் நிற்கும். நிறுத்திய வண்டியில் விளிம்பு நனைந்தால் பேக்கிங் கிழிந்திருப்பது மட்டும் செய்தியல்ல, அதுவரை பெட்ரோல் ஏறியிருக்கிறது என்பதும் செய்தி. திருகுகளை வெறிகொண்டு முறுக்கி விளிம்பை வளைத்துவைத்திருப்பவர்கள், கிண்ணத்தைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் எங்கே இடைவெளி என்று தெரியும். வெயிலில் ஓட்டி நிறுத்திய சில நிமிடங்களில் மட்டும் வாடை வந்து, பிறகு அடங்கினால், இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே குமிழியிடுகின்றன. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய சூடு தடுக்கும் துண்டு இருக்கிறதா என்று பார்க்கலாம். அதைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகள் நிறைய.

ஒழுகும் பாதையைக் காண இன்னமும் சிறந்த கருவி முகப் பவுடர். கார்புரேட்டரைத் துணியால் துடைத்து உலரவிட்டு, மெலிதாகப் பவுடர் தூவி, காக்கைத் திறந்தால், ஈரம் போன வழி கோடாகத் தெரியும். கோட்டின் மேல்முனைதான் ஆதாரம்; கீழ்முனை அல்ல. இதையெல்லாம் வெளியே, காற்றோட்டத்தில், இன்ஜின் ஆறிய பிறகு செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். பயந்தவர்கள் மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதிக்கிறார்கள். விரிசல் பார்க்க அது சரி. மட்டம் பார்க்க உதவாது. மண்ணெண்ணெய் அடர்த்தி கூடியது, ப்ளோட் சீக்கிரமே மிதந்து மட்டத்தைத் தாழ்த்திக் காட்டும்.

எத்தனால் கலப்பு வந்ததிலிருந்து எல்லா ஒழுகலுக்கும் அதுதான் காரணம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அடர்த்தி வழியாக அது ஒன்றும் செய்வதில்லை: 20 சதவீதம் கலந்தாலும் லிட்டருக்குப் பத்துக் கிராம்தான் கூடும், மட்டம் அசையாது. அது வேலை செய்வது ரப்பரிலும் டேங்கிலும். பழைய டியூபும் காக்கின் வாஷரும் எத்தனாலில் ஊறி உப்பும். வண்டி மாதக்கணக்கில் நின்று உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் டேங்கின் அடியில் துரு வேகமாகப் பிடிக்கும். அந்தத் துருதான் பிறகு ஊசியின் முனையில் வந்து உட்காருகிறது. துத்தநாகக் கலவையில் வார்த்த கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அதுவும் தண்ணீரின் வேலை.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே தெரியும் ஒழுகல். வெளியே தெரியாத ஒன்றும் உண்டு. ஓவர்ஃப்ளோ குழாயின் வெளிமுனையைக் குளவி மண்வைத்து அடைத்திருக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் இது சாதாரணம். ஊசி கசிந்து ஏறும் பெட்ரோலுக்கு அந்த வழி இல்லையென்றால், ஜெட் வழியாக மேலேறிக் காற்றுக்குழலில் கொட்டி, சரிவில் இறங்கி, இன்லெட் வால்வு திறந்து நின்றால் சிலிண்டருக்குள் போகும். தரை காய்ந்தே கிடக்கும். பழைய 350 இன்ஜினில் பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது மிஞ்சுவது சுமார் 60 மில்லி இடம், ஒரு சிறிய டீ கிளாஸ் கொள்ளளவு. அதில் நீர்மம் நிறைந்திருக்கையில் கிக்கரை மிதித்தால், அமுங்காத பெட்ரோலின் மேல் பிஸ்டன் மோதும். கால் பிசகும், சில நேரம் கனெக்டிங் ராடும் வளையும். ரிங் இடுக்கில் இறங்கியது ஆயிலோடு கலக்கும். ஆகவே நெடுநாள் நின்ற வண்டியை எடுக்கும்போது ஆயில் மட்டம் காரணமில்லாமல் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு சொட்டை விரலில் எடுத்து முகர்ந்து, பெட்ரோல் வாடை அடித்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு, டீகம்ப்ரசர் பிடித்து மெதுவாகக் கிக்கரை இறக்க வேண்டும். பிளக் துளை வழியாக எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு, ஆயிலை மாற்றி, குளவி மண்ணைக் கம்பியால் குத்தியெடுத்து, அதன் பிறகு ஊசிக்குப் போகலாம்.